எம்.பி.யிடம் எதைக் கேட்பது: வினாவா, பூஜ்ய நேரமா, மனுவா?

சங்கத்தைச் சேர்ந்த ஐந்தாறு பேர் எம்.பி. அலுவலகத்துக்குப் போகிறார்கள். சால்வை போடுகிறார்கள், கோரிக்கையைக் கொடுக்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். கிளம்பும்போது எல்லாச் சங்கங்களும் சொல்வது அநேகமாக ஒரே வாக்கியம்: "நம்ம பிரச்சினைக்காக நாடாளுமன்றத்துல குரல் கொடுக்கணும்ங்க." அவரும் "கண்டிப்பா" என்பார். அந்தக் "கண்டிப்பா"வுக்குள் எதையும் அடக்கலாம். ஒன்றுமே செய்யாவிட்டாலும் அவரைக் கேட்க உங்களிடம் பிடி இருக்காது.

குரல் கொடுக்க நாடாளுமன்றத்தில் ஏழெட்டு வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் விதி வேறு, செலவு வேறு, கையில் கிடைப்பது வேறு. சிலவற்றில் அரசு எழுத்தில் பதில் தந்தே ஆக வேண்டும். சிலவற்றில் உங்களுக்கு மிஞ்சுவது ஒரு நிமிட வீடியோதான். ஆகவே எம்.பி.யிடம் போகும்முன் எந்த வழி வேண்டும் என்று நீங்களே முடிவு செய்துகொண்டு போவது நல்லது. அந்த முடிவுக்கு உதவத்தான் இந்த ஒப்பீடு.

வழிநெடுக ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: வருங்கால வைப்புநிதி ஓய்வூதியம், அதாவது இ.பி.எஸ்.-95. ஆலைகளிலும் கம்பெனிகளிலும் உழைத்து ஓய்வு பெற்றவர்களுக்காக 1995 நவம்பரில் வந்த திட்டம். குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் வைத்தார்கள். பத்தாண்டு தாண்டியும் அதை உயர்த்தச் சொல்லிப் போராட்டம் நடக்கிறது. தெருவுக்குத் தெரு இந்த ஓய்வூதியர் ஒருவராவது இருப்பார் என்பதால் எல்லோருக்கும் புரிகிற உதாரணம்.

வழிகளை எடைபோடும்முன் ஒரு சல்லடை இருக்கிறது. உங்கள் பிரச்சினை மத்திய அரசின் பொறுப்பில் வருகிறதா? பட்டா, ரேஷன் கடை, காவல் நிலையம், ஊராட்சிச் சாலை இவையெல்லாம் மாநில அரசின் வேலை. இவற்றைப் பற்றி எம்.பி. கேள்வி கொடுத்தால் நாடாளுமன்றச் செயலகம் அனுமதி மறுத்துவிடும். மக்களவை விதி 41 அப்படித்தான் சொல்கிறது. இவற்றுக்கு எம்.எல்.ஏ.விடம் போங்கள். சட்டமன்றத்திலும் கேள்வி நேரம், கவன ஈர்ப்பு, மனுக்கள் குழு எல்லாம் உண்டு. அந்தக் குழு மாவட்டந்தோறும் ஆய்வுக்கு வருவதால் டெல்லிக்கு எழுதுவதைவிடப் பல சமயம் கைமேல் பலன் தரும். ரயில்வே, தேசிய நெடுஞ்சாலை, வங்கி, தபால், வைப்புநிதி, பாஸ்போர்ட், மீனவர் கைது போன்றவை மத்திய அரசின் கணக்கு. நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும் விஷயமானால் கேள்வி, மனு இரண்டிலுமே சிக்கல்தான்.

இனி வினாக்கள்.

எம்.பி. கொடுக்கும் கேள்விகள் இரண்டு வகை. நட்சத்திரக் குறியிட்டவற்றுக்கு அமைச்சர் அவையில் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். குறியிடாதவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். மக்களவையில் ஒரு நாளைக்கு முதல் வகையில் 20, இரண்டாம் வகையில் 230 கேள்விகள் வரை பட்டியலில் வரும். மாநிலங்களவையில் 15, 160. போட்டி அதிகம் என்பதால் எது பட்டியலில் ஏறும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன்பே நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும்.

சங்கங்களுக்கு நட்சத்திரம்தான் கண்ணில் படும். டி.வி.யில் வரும், அமைச்சரைத் துணைக் கேள்வி கேட்டு மடக்கலாம் என்ற ஆசை. ஆனால் பட்டியலில் இருக்கும் 20 கேள்விகளில் அந்த ஒரு மணி நேரத்துக்குள் அவையில் எட்டுவது பெரும்பாலும் நாலைந்துதான். மீதிக்கு எழுத்துப்பூர்வ பதிலை மேசையில் வைத்துவிடுவார்கள். 2019 நவம்பர் 27 அன்று மக்களவையில் 20 கேள்விகளும் எடுத்துக்கொள்ளப்பட்டபோது, 1972-க்குப் பிறகு இதுதான் முதல்முறை என்று அது செய்தியானது. எல்லாக் கேள்விகளையும் கேட்டு முடிப்பதே செய்தியாகிற இடத்தில் உங்கள் நட்சத்திரத்தின் மதிப்பு என்னவென்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அவையில் கூச்சல் எழுந்து ஒத்திவைத்தால் அந்த நாலைந்தும் கிடையாது. எழுத்து வினாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவை அமளியில் மூழ்கினாலும் பதில் மேசைக்கு வந்துவிடும். 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே ரத்து செய்தார்கள். எழுத்து வினாக்கள் மட்டும் பிழைத்தன. ஊரடங்கில் ஊருக்கு நடந்து போகும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு "அத்தகைய தரவு பராமரிக்கப்படவில்லை" என்று தொழிலாளர் அமைச்சகம் அப்போது எழுத்தில் சொன்னது. அந்த ஒற்றை வரி நாடு முழுக்க எழுப்பிய விவாதத்தை, பல மணி நேரப் பேச்சுகள்கூட எழுப்பியிருக்காது.

இதனால்தான் முதல் அடியாக எழுத்து வினாவையே நான் சொல்வேன். அதை எப்படி எழுதிக் கொடுப்பது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. எம்.பி.க்கு டெல்லியில் ஒன்றிரண்டு உதவியாளர்கள் இருப்பார்கள். ஒரு நாளைக்கு இத்தனை கேள்வி என்று வாரம் முழுக்கத் தயாரித்துத் தள்ள வேண்டிய வேலை அவர்களுடையது. தயாராக எழுதிய கேள்வியைக் கையில் கொடுத்தால் அவர்களுக்கே நிம்மதி. ஆனால் நம் சங்கங்கள் எழுதுவது இப்படி இருக்கும்:

"வாழ்நாள் முழுதும் உழைத்த ஓய்வூதியர்களை 1,000 ரூபாயில் பட்டினி போடும் அரசு எப்போது கண் திறக்கும்?"

மேடைக்கு நன்றாக இருக்கும். விதி 41-இன்படி செல்லாது. கேள்வியில் வாதம், ஊகம், கிண்டல், வசை எதுவும் இருக்கக் கூடாது. கருத்துக் கேட்கக் கூடாது. 150 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. அவையின் நடைக்கு மாற்றினால் அதே கேள்வி ஏறக்குறைய இப்படி வரும்:

"தொழிலாளர் மற்றும் வேலைவாய்ப்பு அமைச்சர் தெரிவிப்பாரா: (அ) இ.பி.எஸ்.-95 திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் அதற்குக் கீழும் பெறுவோர் எண்ணிக்கை, தமிழ்நாட்டுக்குத் தனியாக. (ஆ) குறைந்தபட்ச ஓய்வூதியத்தை உயர்த்தும் கருத்துரு எதையும் நிதி அமைச்சகத்துக்கு அனுப்பியுள்ளாரா. (இ) ஆம் எனில், அனுப்பிய தேதியும் நிதி அமைச்சகத்தின் பதிலும். (ஈ) இல்லையெனில் அதற்கான காரணம்?"

இரண்டாவதில் கோபம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தப்பிக்க இடம் குறைவு. இப்படிப்பட்ட கேள்விகள்தான் இந்த விஷயத்தில் உருப்படியான தகவலை வெளியே கொண்டுவந்தன. 2018-இல் அமைத்த உயர் அதிகாரக் குழு குறைந்தபட்சத்தை 2,000 ரூபாய் ஆக்கலாம், அதற்கு ஆண்டுதோறும் பட்ஜெட்டில் பணம் ஒதுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நிதி அமைச்சகம் ஏற்கவில்லை. இது அமைச்சகத்தின் எழுத்துப் பதில்கள் வழியே ஓய்வூதியர்களுக்குத் தெரிய வந்தது. முட்டுக்கட்டை எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, வைப்புநிதி அலுவலக வாசலில் மட்டும் கோஷம் போடுவதில் அர்த்தம் உண்டா என்று ஒரு சங்கம் யோசிக்கலாம் அல்லவா?

பதில்களைப் படிப்பதும் ஒரு கலை. நாலு உட்பிரிவாகக் கேட்ட கேள்விக்கு "(அ) முதல் (ஈ) வரை:" என்று போட்டு ஒரே பத்தியில் திட்டத்தின் வரலாற்றைச் சொல்லி முடித்துவிடுவார்கள். முதலாளியின் பங்கு 8.33 சதவீதம், அரசின் பங்கு 1.16 சதவீதம் என்று எல்லோருக்கும் தெரிந்ததையே எழுதியிருப்பார்கள். எந்த உட்பிரிவுக்கு விடை வரவில்லை என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தொடருக்கு அதுவே கேள்வி. "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவை முன் வைக்கப்படும்" என்று வந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று தாளைக் கசக்கிப் போடாதீர்கள். அந்த வாசகம் உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லாவிட்டால் அரசு உறுதிமொழிக் குழு துறையைக் கூப்பிட்டுக் கேட்கும். "பரிசீலனையில் உள்ளது" என்பதும் அப்படித்தான். இந்த வார்த்தைகள் எங்கே கொண்டுபோய் விடும் என்று அதிகாரிகளுக்கு நன்றாகத் தெரியும் என்பதால் இப்போதெல்லாம் அவற்றைப் பார்த்துப் பார்த்தே எழுதுகிறார்கள்.

அமைச்சரின் பதிலே தவறு என்றால்? உரிமை மீறல் நோட்டீஸ் என்று எல்லோரும் அங்கேதான் ஓடுவார்கள். அது அனுமதி பெறுவது அபூர்வம். சபாநாயகரின் வழிகாட்டுதல் 115 என்று ஒன்று இருக்கிறது. அமைச்சர் சொன்னதில் பிழை இருப்பதாக உறுப்பினர் எழுதிக் கொடுத்து, விளக்கம் கேட்கச் செய்யலாம். உங்களிடம் ஆவணம் இருந்தால் இந்த வழிதான் லேசானது. பதில் அரைகுறை என்றால் விதி 55-இன்படி அரை மணி நேர விவாதம் கேட்கலாம்.

கேள்வி பெரிதாக வெடித்த கதைக்குத் தமிழ்நாட்டுத் தொடர்பும் உண்டு. ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் கம்பெனிகளில் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியது பற்றி 1957-இல் மக்களவையில் கேள்வி எழுந்தது. டிசம்பரில் காங்கிரஸ் உறுப்பினர் பெரோஸ் காந்தி அதை விவாதமாக்கினார். நீதிபதி சாக்ளா விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். எல்லாக் கேள்வியும் இப்படி ஆகாது. ஆனால் ஆளுங்கட்சி உறுப்பினரே சொந்த அரசைக் கேள்வியால் மடக்கிய கதை இது. "நம்ம எம்.பி. ஆளுங்கட்சி, அவர் எப்படிக் கேட்பார்?" என்று சங்கங்கள் தயங்க வேண்டியதில்லை, எழுத்து வினா கேட்பதில் கட்சிக்குச் சங்கடம் குறைவு. எம்.பி. அமைச்சராகிவிட்டால் மட்டும் அவரால் கேட்க முடியாது. அப்போது வேறு எம்.பி.யிடம் போகலாம், தொகுதி ஆள்தான் கேட்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. தமிழ்நாட்டுக்கு மக்களவையில் 39 பேர், மாநிலங்களவையில் 18 பேர். குலுக்கலில் வாய்ப்பு கூட வேண்டுமானால் ஒரே கேள்வியை மூன்று நாலு பேரிடம், வெவ்வேறு கட்சிக்காரர்களிடம் கொடுப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

தகவல் உரிமைச் சட்டம் இருக்கும்போது எம்.பி. எதற்கு என்று சிலர் கேட்கலாம். 10 ரூபாய், 30 நாள், யாருடைய தயவும் வேண்டாம். ஒரு கோப்பின் நகல் வேண்டும், ஒரு கிளையின் கணக்கு வேண்டும் என்றால் அதுதான் சரி. ஆனால் "அரசு என்ன செய்ய உத்தேசித்துள்ளது?" என்று கேட்டால், அது தகவல் என்ற வரையறைக்குள் வராது என்று பொதுத் தகவல் அலுவலர் திருப்பிவிடுவார். அமைச்சரின் பதிலில் அரசின் நிலைப்பாடு இருக்கும், அவர் பெயரில் இருக்கும், அவைக் குறிப்பில் நிரந்தரமாக இருக்கும். என்னைக் கேட்டால் முதலில் தகவல் உரிமையில் எண்களை வாங்கிவிட்டு, அந்த எண்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எம்.பி.க்குக் கேள்வி எழுதுவேன்.

அடுத்தது பூஜ்ய நேரம், அதாவது அவசர விஷயங்களை உறுப்பினர்கள் எழுப்பும் நேரம். இது மக்களவை விதிப்புத்தகத்திலேயே இல்லாத வழக்கம். கேள்வி நேரம் முடிந்து 12 மணிக்கு வரும். நம் சட்டமன்றத்தில் நேரமில்லா நேரம் என்பார்கள். நோட்டீசை அன்று காலை வரை கொடுக்கலாம் என்பதே இதன் பலம். நேற்று இரவு மீனவர் கைதானால், இன்று மதியம் அவையில் பேசிவிடலாம். 15 நாள் காத்திருக்கும் கேள்வியால் அது நடக்காது. மாநிலங்களவையில் ஒருவருக்கு மூன்று நிமிடம். அதற்குமேல் மைக் ஓயும். குறை என்னவென்றால், அரசு பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எதிரே இருக்கும் அமைச்சர் தலையாட்டலாம், கோப்பைப் புரட்டிக்கொண்டும் இருக்கலாம். வீடியோ வரும், நாளிதழில் "வலியுறுத்தல்" என்று இரண்டு பத்திச் செய்தி வரும். எம்.பி.க்கள் இதை விரும்புவதற்குக் காரணம் அந்தச் செய்திதான். சங்கங்கள் இதோடு திருப்தி அடைந்துவிடுவதும் அதனால்தான்.

அதோடு ஒப்பிட்டால் விதி 377 மங்கலானது, ஆனால் பயனுள்ளது. 250 சொல்லுக்குள் எழுதியதை உறுப்பினர் வாசிப்பார். பல நாள் வாசிக்கக்கூட நேரமின்றி மேசையில் வைத்துவிடுவார். மாநிலங்களவையில் இதற்கு இணையானது சிறப்புக் குறிப்பு. விஷயம் துறைக்குப் போய், அமைச்சரிடமிருந்து உறுப்பினருக்குக் கடிதம் வரும். ரயில் நிறுத்தம், மேம்பாலம், புது வங்கிக் கிளை போன்ற ஓர் ஊருக்கு மட்டுமான கோரிக்கைக்கு எனக்குப் பூஜ்ய நேரத்தைவிட 377-தான் பிடிக்கும். அந்தக் கடிதத்தில் "இயக்கரீதியாகச் சாத்தியமில்லை" என்று வந்தால்கூட, ஏன் என்று கேட்க அடுத்த கேள்வி தயார். ஆனால் அந்தக் கடிதத்தை எம்.பி. அலுவலகத்தில் நீங்கள் விடாமல் கேட்டு வாங்க வேண்டும். பி.ஏ.வின் மேசை இழுப்பறையில் தூங்கும் பதில்கள் ஏராளம்.

பெரிய ஆயுதங்களை ஒரு சங்கம் கேட்பது பொதுவாக வீண் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கவன ஈர்ப்பு 1954 முதல் நம் நாடாளுமன்றம் தானாக உருவாக்கிக்கொண்ட முறை. அமைச்சர் அறிக்கை தர வேண்டும், உறுப்பினர்கள் விளக்கம் கேட்கலாம். ஆனால் மக்களவையில் ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டுதான். விதி 193-இல் வாக்கெடுப்பு இல்லாத விவாதம். 184-இல் வாக்கெடுப்பு உண்டு, அதனாலேயே எந்த அரசும் 184-ஐ எளிதில் விடாது. ஒத்திவைப்புத் தீர்மானம் மக்களவைக்கு மட்டும் உரியது. 50 உறுப்பினர் ஆதரவு வேண்டும், அரசைக் கண்டிக்கும் தன்மை கொண்டது. 2015 ஆகஸ்டில் லலித் மோடி விவகாரத்தில் மல்லிகார்ஜுன கார்கே கொண்டுவந்தது விவாதத்துக்கு வந்தது. அப்படி வருவது அரிது. மாநிலங்களவையில் மற்ற அலுவல்களை நிறுத்திவிட்டு விவாதிக்க விதி 267-ஐக் கையில் எடுப்பார்கள். 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு விவாதம் அந்த விதியில் நடந்தது. அதன்பின் அந்த நோட்டீஸ்கள் பெரும்பாலும் குப்பைக்கூடைக்குத்தான் போகின்றன. 2023-இல் மணிப்பூர் கலவரத்தை விவாதிக்க எதிர்க்கட்சிகள் 267 கேட்டன, அரசு குறுகிய கால விவாதத்துக்கான 176-ஐத் தருவதாகச் சொன்னது. எண்ணைப் பற்றிய சண்டையிலேயே நாட்கள் போயின. கடைசியில் மக்களவையில் கௌரவ் கோகோய் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து, ஆகஸ்ட் 8 முதல் 10 வரை விவாதம் நடந்து, குரல் வாக்கெடுப்பில் தோற்றது. பிரதமரை அவையில் பேச வைக்கவே அத்தனை பாடு. இ.பி.எஸ். சங்கத்தின் கோரிக்கையில் "ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டுவர வேண்டும்" என்று எழுதியிருந்தால், எழுதியவர் பேப்பரில் பார்த்த சொல்லை ஆசைக்கு எடுத்துப் போட்டிருக்கிறார் என்று பி.ஏ.வுக்குப் புரிந்துவிடும்.

மனுவைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் கேட்டுப் போகிற சங்கத்தை நான் அநேகமாகப் பார்த்ததில்லை. "மனு கொடுத்தோம்" என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது எம்.பி.க்குக் கொடுத்த கடிதம். அவைக்கு முறைப்படி கொடுக்கும் மனு வேறு. மக்களவை, மாநிலங்களவை இரண்டிலும் மனுக்கள் குழு இருக்கிறது. முதலாவதில் 15 பேர், இரண்டாவதில் 10 பேர். ஒரு மசோதா பற்றியோ பொதுநலன் சார்ந்த ஒரு விஷயம் பற்றியோ குடிமக்கள் மனு எழுத, எம்.பி. ஒருவர் மேலொப்பமிட்டு அவையில் தாக்கல் செய்வது வழக்கமான பாதை. அதற்கென்று வகுத்த படிவம் உண்டு. தமிழில் எழுதினால் இந்தி அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும். நடை மரியாதையாக இருக்க வேண்டும். செய்தித்தாள் நறுக்கு, கடித நகல், ஆவணக் கட்டு எதையும் மனுவோடு இணைக்கக் கூடாது. நம் ஆட்களுக்கு இந்த விதிதான் மிகக் கஷ்டம். தனி ஆளின் குறை மனுவாக ஏறாது.

மற்ற எல்லா வழியிலும் உங்களுக்காக எம்.பி. பேசுவார், இதில் மட்டும் குழு விரும்பினால் மனுதாரரான உங்களையே கூப்பிட்டுக் கேட்கும். அமைச்சகத்தின் செயலாளரையும் கூப்பிட்டு உட்கார வைக்கும். அதற்கான சான்று நம் உதாரணத்திலேயே இருக்கிறது. இ.பி.எஸ்.-95 பற்றிய மனு மாநிலங்களவையின் மனுக்கள் குழுவுக்குப் போனது. பகத் சிங் கோஷியாரி தலைமையிலான அந்தக் குழு 2013-இல் அறிக்கை கொடுத்தது: குறைந்தபட்சம் 3,000 ரூபாய் ஆக்குங்கள், அரசின் பங்கை 1.16-இலிருந்து 8.33 சதவீதமாக உயர்த்துங்கள். இன்றைக்கும் ஓய்வூதியர் கூட்டங்களில் "கோஷியாரி கமிட்டி" என்ற பெயர் கேட்காமல் இருக்காது. அதே கோஷியாரி குழுதான் 2011 டிசம்பரில் முன்னாள் ராணுவத்தினரின் "ஒரே பதவி ஒரே ஓய்வூதியம்" மனுவிலும் அவர்களுக்குச் சாதகமாகப் பரிந்துரைத்தது. அது கட்சிகளின் வாக்குறுதியாகி, போராட்டமாகி, 2015 நவம்பரில் அரசாணையாக வந்தது. வந்த வடிவம் குழு சொன்ன வடிவமில்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். குழுவின் அறிக்கை அரசின் கொள்கை ஆகிவிடாது என்ற நிலையை 2022-இல் நீதிமன்றமும் ஏற்றது.

மனுவின் பலவீனமும் இதில் தெரிந்துவிடுகிறது. பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. 3,000 என்று குழு சொன்னதற்கு மறு ஆண்டு 1,000 தான் வந்தது. மனு கொடுத்து அறிக்கை வர வருடங்கள் ஆகலாம். ஆனால் ஒரு கோரிக்கை "இவர்கள் கேட்கிறார்கள்" என்ற நிலையிலிருந்து "நாடாளுமன்றக் குழுவே சொல்லியிருக்கிறது" என்ற நிலைக்கு உயர இதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை. எந்த அவை என்று கேட்டால் மாநிலங்களவை என்பேன். மக்களவை கலைந்தால் அதன் குழுவும் போய்விடும். மாநிலங்களவை கலைவதே இல்லை. பிரிட்டனில் 10,000 கையெழுத்து சேர்ந்தால் அரசு பதில் தர வேண்டும், ஒரு லட்சம் சேர்ந்தால் விவாதத்துக்குப் பரிசீலிப்பார்கள். இங்கே கையெழுத்தின் எண்ணிக்கைக்கு அப்படி ஒரு மதிப்பு இல்லை. ஐம்பதாயிரம் கையெழுத்து வாங்கும் நேரத்தில் வாசகத்தைத் திருத்துவது மேல்.

எம்.பி.யிடம் கேட்கக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். "அவையை முடக்குங்கள், மையப்பகுதிக்குப் போய்ப் பதாகை பிடியுங்கள்" என்று உற்சாகமாகச் சொல்பவர்கள் உண்டு. அரசியல் கட்சிகளுக்கு அதற்கான காரணங்கள் இருக்கும், நியாயமும் இருக்கலாம். உங்கள் கோரிக்கைக்கு அது என்ன விலை என்று மட்டும் பாருங்கள். 2001-இல் சேர்த்த விதி 374-ஏ-யின்படி, மையப்பகுதிக்கு வந்து தொடர்ந்து அமளி செய்யும் உறுப்பினரைச் சபாநாயகர் பெயர் சொன்னாலே ஐந்து அமர்வுகளுக்கோ கூட்டத்தொடர் முடியும் வரைக்கோ, எது குறைவோ அதற்கு, இடைநீக்கம். தீர்மானம் போட்டு நீக்க விதி 374 தனியாக இருக்கிறது. 1989 மார்ச்சில் ஒரே நாளில் 63 பேர் நீக்கப்பட்டார்கள். 2023 டிசம்பரில் நாடாளுமன்றப் பாதுகாப்பு மீறல் பற்றி உள்துறை அமைச்சர் பேச வேண்டும் என்று கேட்டதில், இரு அவைகளிலும் சேர்த்து 146 பேர். கனிமொழி, சு. வெங்கடேசன், ஜோதிமணி, மாணிக்கம் தாகூர் என்று தமிழ்நாட்டுப் பெயர்களும் அதில் இருந்தன. சேலம் எம்.பி. எஸ்.ஆர். பார்த்திபன் அன்றைக்கு அவைக்கே வரவில்லை. அவர் பெயரையும் சேர்த்துவிட்டுப் பிறகு எடுத்தார்கள். வேடிக்கையான விஷயம்தான், ஆனால் அடுத்தது வேடிக்கை இல்லை: நீக்கப்பட்டவர்களின் கேள்விகள் பட்டியலிலிருந்தும் அகற்றப்பட்டன. குலுக்கலில் வென்று, 15 நாள் காத்து, பதில் அச்சாகும் நேரத்தில் உங்கள் கேள்வி காணாமல் போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரே கேள்வியைப் பல கட்சிக்காரர்களிடம் கொடுக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

பணமும் அன்பளிப்பும் இதைவிட ஆபத்தானவை. மும்பை தங்கம், வெள்ளி வியாபாரிகள் சங்கத்துக்காகக் காசு வாங்கிக் கேள்வி கேட்ட முத்கல் என்ற உறுப்பினர் 1951-இல் பதவி இழந்தார். 2005 டிசம்பரில் ரகசியக் கேமராவில் சிக்கிய 11 பேரை இரு அவைகளும் வெளியேற்றின. 2007-இல் உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது. 2023 டிசம்பரில் மேற்கு வங்க எம்.பி. மஹுவா மொய்த்ரா வெளியேற்றப்பட்டபோது, கேள்வி பதிவேற்றும் தளத்தின் கடவுச்சொல்லை வெளியாள் ஒருவருக்குக் கொடுத்ததுதான் நெறிமுறைக் குழு அறிக்கையில் பெரிதாகப் பேசப்பட்டது. பணம் வாங்கியதாகச் சொன்னதை அவர் மறுத்தார், 2024-இல் அதே கிருஷ்ணநகரில் மீண்டும் ஜெயித்தார். யார் பக்கம் நியாயம் என்ற விவாதம் வேறு. சங்கத்துக்கான பாடம் நேரடியானது: கேள்வியைத் தாளில் எழுதிக் கொடுங்கள், "நாங்களே ஏற்றிவிடுகிறோம், ஓ.டி.பி. மட்டும் சொல்லுங்கள்" என்று பி.ஏ.விடம் ஒருநாளும் கேட்காதீர்கள். "சங்கத்துச் சார்பில் ஒரு சின்ன அன்பளிப்பு" என்பதும் சால்வையோடு நிற்கட்டும். 2024 மார்ச்சில் ஏழு நீதிபதிகள் அமர்வு, அவையில் பேசவோ வாக்களிக்கவோ லஞ்சம் வாங்கினால் எம்.பி.க்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது என்று சொல்லிவிட்டது.

சரி, எதைத் தேர்வது? இ.பி.எஸ். போன்ற நீண்டகாலக் கொள்கைக் கோரிக்கைக்கு என் வரிசை: தகவல் உரிமையில் எண்கள், அடுத்த கூட்டத்தொடரில் மூன்று நாலு எம்.பி.க்கள் வழியே எழுத்து வினா, பதிலில் விட்டுப்போனதை வைத்து மறு வினா, அந்தப் பதில்களின் பலத்தில் மாநிலங்களவைக்கு மனு. பூஜ்ய நேரம் நடுவில் எப்போதாவது, விஷயம் சூடாக இருக்கும் வாரத்தில். ஓர் ஊருக்கான ரயில் நிறுத்தம் என்றால் 377, பதில் வந்ததும் எழுத்து வினா. மீனவர் கைது போன்ற அவசரம் என்றால் அன்று காலையே பூஜ்ய நேர நோட்டீஸ். எத்தனை படகுகள், எத்தனை பேர் எந்தச் சிறையில் என்ற விவரத்தை எழுத்து வினா பிறகு கேட்கட்டும்.

எம்.பி. அலுவலகத்துக்குப் போகும் நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டத்தொடர் நடந்துகொண்டிருக்கும்போது போனால் அந்தத் தொடரின் கேள்விகளுக்கான கெடு பெரும்பாலும் தாண்டியிருக்கும். தேதி அறிவித்த வாரத்தில், தொழிலாளர் அமைச்சகத்துக்கு வாரத்தில் எந்த நாள் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு, ஒரு பக்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் கேள்வியைத் தட்டச்சு செய்து எடுத்துப் போங்கள். சால்வையை எம்.பி.க்குப் போட்டுவிட்டு, தாளைப் பி.ஏ. கையில் கொடுத்து, நோட்டீஸ் பதிவான எண் எப்போது கிடைக்கும் என்று அவரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.